இரண்டு பட்டன்கள் ஒரே நேரத்தில்: மொபைல் அப்ளிகேஷனில் வரும் குழப்பமும் தீர்வும்

எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு மொபைலில் கணக்கு எழுத ஒரு சிறிய அப்ளிகேஷன் செய்து கொடுத்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல். தொகையை டைப் செய்ய ஒரு கட்டம். அதற்குக் கீழே இடது பக்கம் "பற்று", வலது பக்கம் "வரவு" என்று இரண்டு பட்டன்கள். சாமான் கடனாகக் கொடுத்தால் பற்று. பணம் வந்தால் வரவு. அதற்கும் கீழே பாக்கித் தொகையைக் காட்டும் ஒரு வரி. இவ்வளவுதான்.

இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு நாள் கடையில் சத்தம். இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் அங்கே மாதக் கணக்கில் அரிசியும் உளுந்தும் வாங்குவார். அவர் பாக்கி 1,340 ரூபாய். போன வெள்ளிக்கிழமை மாலை 500 ரூபாய் கொடுத்ததாகச் சொல்கிறார். மொபைலோ இன்னும் 1,340 என்றே காட்டுகிறது. "கையிலே கொடுத்தேன் அண்ணாச்சி, நீங்கதானே வாங்கி கல்லாவிலே போட்டீங்க" என்கிறார் அவர். "மிஷின் பொய் சொல்லுமா?" என்கிறார் அண்ணாச்சி. பல ஆண்டுப் பழக்கம், 500 ரூபாயில் முறியும் நிலைக்கு வந்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டார்கள். பதிவுகளைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை 6.42க்கு வரவு 500. அதே 6.42க்கு பற்று 500. முதலில் பாக்கி 840 ஆகியிருக்கிறது. உடனே மீண்டும் 1,340 ஆகிவிட்டது. அக்கா சொன்னது உண்மை. தவறு என் அப்ளிகேஷனில். இரண்டு பட்டன்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

சொந்தமாக ஒரு மொபைல் அப்ளிகேஷன் செய்து பார்க்க நினைக்கும் வாசகர்கள் இந்தத் தவறை நிச்சயம் ஒரு முறையாவது செய்வார்கள். எனவே அதைச் சரி செய்த கதையை, நான் தடுமாறிய இடங்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மவுஸுக்கு ஒரு முனை, கைக்குப் பத்து விரல்

கம்ப்யூட்டரில் இந்தப் பிரச்னை ஏன் அவ்வளவாகத் தெரிவதில்லை? திரையில் மவுஸ் அம்புக்குறி ஒன்றுதான். ஒரு நேரத்தில் அது ஒரு பட்டன் மேல்தான் நிற்க முடியும். இரண்டு பட்டன்களை ஒரே சமயத்தில் கிளிக் செய்ய வழியே இல்லை. நான் அப்ளிகேஷனைச் சோதித்ததும் கம்ப்யூட்டர் திரையில் மவுஸ் கொண்டுதான். அதனால்தான் தவறு என் கண்ணில் படவில்லை. (மொபைலுக்கான எதையும் மொபைலிலேயே, விரலாலேயே சோதியுங்கள். முடிந்தால் வேறு ஒருவர் விரலால்.)

பழைய தொடுதிரைகளிலும் இந்தச் சிக்கல் குறைவு. இரண்டு மெல்லிய அடுக்குகள் ஒன்றையொன்று தொடும்படி அழுத்தும் ரெசிஸ்டிவ் வகைத் திரைகளில் இரண்டு இடத்தில் விரல் வைத்தால், சாதாரணமாக அது இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு புள்ளியைத்தான் காட்டும். இன்றைய மொபைல்களில் இருப்பது கெப்பாசிட்டிவ் வகை. கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கும் இடத்தில் மின்தேக்கத்தின் அளவு மாறுவதை வைத்து, எத்தனை விரல்கள், எங்கெங்கே என்று தனித்தனியாகக் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு விரலுக்கும் ஓர் எண் கொடுத்து, அது எடுக்கப்படும் வரை பின்தொடரும். 2007ல் ஐபோன் வந்த பிறகு இந்தப் பல விரல் தொடுதல், அதாவது மல்டி டச், எல்லா மொபைல்களுக்கும் பரவியது. படத்தை இரு விரலால் பெரிதாக்குகிறோமே, அது இதனால்தான். அந்த நன்மையோடு ஒட்டிக் கொண்டு வந்த தொல்லைதான் நம் இரட்டைப் பட்டன்.

நீங்களே பார்த்துவிடுங்கள்

நான் பயன்படுத்தியது ஆப் இன்வென்டர். 2010ல் கூகுள் நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குச் சென்ற இலவசத் தளம் இது. அங்குள்ள பேராசிரியர் ஹால் ஏபெல்சன் இதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர். புரோகிராம் வரிகளை டைப் செய்யத் தேவையில்லை. படக்கட்டைகளை ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும். இன்டர்நெட் இணைப்பும் குரோம் அல்லது பயர்பாக்ஸ் பிரவுசரும் ஒரு கூகுள் கணக்கும் இருந்தால் தொடங்கிவிடலாம். மொபைலில் எம்.ஐ.டி. ஏ.ஐ.2 கம்பானியன் என்ற அப்ளிகேஷனை இறக்கி வைத்துக் கொள்ளுங்கள்.

புதிய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, இடது பக்கமுள்ள பேலட் பகுதியிலிருந்து இரண்டு பட்டன்களையும் ஒரு லேபிளையும் இழுத்துத் திரையில் விடுங்கள். வலது மேல் மூலையில் பிளாக்ஸ் என்பதை கிளிக் செய்தால் கட்டைகள் உள்ள பக்கம் தோன்றும். முதல் பட்டனின் "வென் பட்டன்1 கிளிக்" என்ற கட்டையை எடுத்து, லேபிளில் ஏற்கனவே உள்ள எழுத்துகளுடன் "வ" என்ற எழுத்தைச் சேர்க்கும்படி அமையுங்கள். இரண்டாவது பட்டன் "ப" என்ற எழுத்தைச் சேர்க்கட்டும். மேலே கனெக்ட் மெனுவில் ஏ.ஐ. கம்பானியன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையில் தோன்றும் க்யூஆர் கோடை மொபைலால் ஸ்கேன் செய்தால் அப்ளிகேஷன் மொபைலில் வந்துவிடும்.

இப்போது இரண்டு விரல்களால் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தி எடுங்கள். இரண்டு எழுத்துகளும் வரும். எது முன், எது பின் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். கடைசியில் எந்த விரல் முதலில் திரையை விட்டதோ அது முன்னால் வரும். விரலை வைக்கும்போது அல்ல, எடுக்கும்போதுதான் கிளிக் என்று கணக்காகிறது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். என் தடுமாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நான் செய்த முதல் தவறு

எனக்கு முதலில் தோன்றிய யோசனை இது. "வேலை நடக்கிறது" என்று காட்டும் ஒரு கொடி வைத்துக் கொள்ளலாம். வேரியபிள்ஸ் பகுதியிலிருந்து ஒரு குளோபல் மாறியை எடுத்து அதற்கு ஃபால்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தேன். பட்டனை அழுத்தியதும், கொடி ஃபால்ஸ் என்றால் மட்டும் உள்ளே போகும். போனதும் கொடியை ட்ரூ ஆக்கும், கணக்கை எழுதும், முடிந்ததும் மீண்டும் ஃபால்ஸ் ஆக்கும். இரண்டு பட்டன்களுக்கும் இதே கட்டைகள்.

மொபைலில் போட்டு இரண்டு விரலால் அழுத்தினேன். முன்பு போலவே இரண்டு பதிவுகள்!

அரை நாள் போனது, காரணம் புரிய. ரேஷன் கடையில் எடை போடுபவர் ஒருவர்தான். வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தாலும், அவர் ஒருவருக்கு முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். மொபைல் அப்ளிகேஷனிலும் திரை வேலைகளைப் பார்ப்பது ஒரே ஓர் ஆள்தான். புரோகிராம் எழுதுபவர்கள் இதை மெயின் த்ரெட் என்பார்கள். இரண்டு விரல்கள் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டாலும் இரண்டு கிளிக்குகளும் வரிசையில்தான் நிற்கும். முதல் கிளிக் உள்ளே வந்து, கொடியை ஏற்றி, கணக்கை எழுதி, கொடியை இறக்கி வெளியே போன பிறகுதான் இரண்டாவது கிளிக் உள்ளே வருகிறது. அது வரும்போது கொடி இறங்கியிருக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் ஏற்றி இறக்கிய கொடியால் என்ன பயன்?

எனவே கொடி உடனே இறங்கக் கூடாது. சிறிது நேரம் பறக்க வேண்டும்.

கடிகாரம் வைத்துப் பூட்டுதல்

பேலட்டில் சென்சார்ஸ் பகுதியில் கிளாக் என்று ஒன்று இருக்கிறது. இதை இழுத்து விட்டால் திரையில் தெரியாது. கீழே தனியாக உட்கார்ந்து கொள்ளும். அதன் பண்புகளில் டைமர் இன்டர்வல் 1000 என்று இருக்கும். 1000 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடி. அதை அப்படியே விடுங்கள். டைமர் எனேபிள்டு என்ற இடத்தில் இருக்கும் டிக் அடையாளத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அப்ளிகேஷன் திறந்தது முதல் அது ஓடிக் கொண்டே இருக்கும்.

இனி பட்டன் கட்டைக்குள் கொடியை இறக்கும் வரியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் டைமர் எனேபிள்டு என்பதை ட்ரூ ஆக்குங்கள். "வென் கிளாக்1 டைமர்" என்ற கட்டைக்குள் இரண்டு வேலைகள்: டைமர் எனேபிள்டு ஃபால்ஸ், கொடி ஃபால்ஸ். முதல் கிளிக் வந்தவுடன் பூட்டு விழும். ஒரு விநாடி கழித்துத் தானாகத் திறக்கும். இடையில் வரும் எந்தக் கிளிக்கும் மதிக்கப்படாது.

ஒரே பட்டனை அவசரத்தில் இரண்டு முறை தட்டுவதையும் இது தடுத்துவிடும். இந்தப் பழக்கம் நம்மிடம் அதிகம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைக் கவனித்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் ஐகான்களை இரட்டைக் கிளிக் செய்யக் கற்றுக் கொண்ட பிறகு, இணையப் பக்கத்தில் உள்ள லிங்க், சப்மிட் பட்டன் என எல்லாவற்றையும் இரட்டைக் கிளிக் செய்வார்கள். இரண்டு கிளிக்குகளுக்கு இடையே அரை விநாடி, அதாவது 500 மில்லி விநாடி வரை இருந்தால் அதை இரட்டைக் கிளிக் என்று எடுத்துக் கொள்வது விண்டோஸின் வழக்கமான அமைப்பு. எனவே நம் பூட்டு அரை விநாடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மிக அதிகமாக, மூன்று நான்கு விநாடி வைத்தால் பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் பலமாகக் குத்துவார்கள்.

மொபைலில் போட்டேன். இரண்டு விரலால் பத்து முறை அழுத்தினேன். பத்து முறையும் ஒரே ஒரு பதிவு. வெற்றி என்று நினைத்து அண்ணாச்சியிடம் கொண்டு போனேன்.

அண்ணாச்சியின் கட்டைவிரல்

அவர் முன்னால் நின்று பார்த்தபோதுதான் உண்மையான காரணம் தெரிந்தது. அவர் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தவே இல்லை. இடது கையில் போனைப் பிடித்திருக்கிறார். அந்தக் கட்டைவிரல் திரையின் இடது ஓரத்தில், பற்று பட்டன் மேல் சும்மா படிந்திருக்கிறது. வலது கை ஆட்காட்டி விரலால் வரவு பட்டனைத் தட்டுகிறார். வரவு பதிவாகிறது. பாக்கியைப் பார்க்கிறார். பிறகு போனைக் கல்லாப்பெட்டி மேல் வைக்கிறார். அப்போது கட்டைவிரல் எடுபடுகிறது. பற்று பதிவாகிறது! விரலை எடுக்கும்போதுதான் கிளிக் என்று சொன்னேன் அல்லவா?

வரவுக்கும் பற்றுக்கும் இடையே மூன்று விநாடி, சில சமயம் ஐந்து விநாடி. என் ஒரு விநாடிப் பூட்டு எப்போதோ திறந்துவிட்டது. நேரத்தை மட்டும் நம்பிய பூட்டு இதற்கு உதவாது. "840னு பார்த்த மாதிரிதான் தம்பி எனக்கும் ஞாபகம்" என்றார் அண்ணாச்சி. சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

தீர்வு மிகச் சிறியது. பதிவு எழுதியதும் தொகைக் கட்டத்தைக் காலி செய்துவிட வேண்டும். பட்டனை அழுத்தும்போது கட்டம் காலியாக இருந்தால் எதுவும் செய்யக் கூடாது. டெக்ஸ்ட் பகுதியில் "இஸ் எம்ப்டி" என்ற கட்டை இதற்கென்றே இருக்கிறது. அதை "நாட்" கட்டையோடு சேர்த்து இஃப் கட்டையில் பொருத்தினால் வேலை முடிந்தது. கட்டைவிரல் ஐந்து விநாடி கழித்து வந்தாலும், ஐந்து நிமிடம் கழித்து வந்தாலும், எழுதுவதற்குத் தொகை இல்லை. தொகையை டைப் செய்தவர் பார்த்துக் கொள்ளட்டும் என்று நான்தான் கட்டத்தைக் காலி செய்யாமல் விட்டிருந்தேன். இப்போது அதற்குப் பதிலாக நோட்டிஃபையர் மூலம் "வரவு 500 எழுதப்பட்டது" என்ற செய்தி வருகிறது. கடிகாரப் பூட்டையும் எடுக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். கட்டைவிரல் முதலில் எடுபட்டால் தவறான பட்டன் பதிவாகி, சரியானது தடுக்கப்பட்டுவிடும் அல்லவா? எனவே பட்டன்களை ஓரத்திலிருந்து நகர்த்தி, ஒன்றின் கீழ் ஒன்றாக, நல்ல இடைவெளி விட்டு நடுவில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், முதலிலேயே இப்படி வைத்திருந்தால் பாதிப் பிரச்னை வந்திருக்காது.

பெரிய அளவில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எழுதுபவர்களுக்கு வேறு வசதி உண்டு. பட்டன்களைத் தாங்கியிருக்கும் லேஅவுட்டில் ஸ்பிளிட் மோஷன் ஈவன்ட்ஸ் என்ற பண்பை ஃபால்ஸ் ஆக்கினால், முதல் விரல் எந்தப் பட்டனைத் தொட்டதோ அதுவே மற்ற விரல்களையும் எடுத்துக் கொள்ளும். பக்கத்துப் பட்டனுக்கு எதுவும் போகாது. 2011ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் இந்தப் பண்பு இருக்கிறது. அப்போதிருந்து அதன் இயல்பான நிலை ட்ரூ. அதாவது நாம் மாற்றாதவரை விரல்கள் தனித்தனிப் பட்டன்களுக்குப் பிரிந்து போகும். ஐபோனில் ஒவ்வொரு பட்டனுக்கும் எக்ஸ்க்ளூசிவ் டச் என்ற பண்பு உண்டு. அதை ட்ரூ ஆக்க வேண்டும். ஆனால் அண்ணாச்சியின் கட்டைவிரலுக்கு இவை இரண்டும் முழு மருந்து அல்ல. படிந்திருக்கும் விரலே முதல் விரல் என்பதால் அதுதான் ஜெயிக்கும்.

எல்லா இடத்திலும் இப்படிப் பூட்டிவிடவும் கூடாது. பியானோ, தபேலா போன்ற அப்ளிகேஷனில் இரண்டு விரல் ஒன்றாகப் படுவதுதான் இசை. விளையாட்டுகளிலும் அப்படியே. வேகமாக டைப் செய்யும்போது ஒரு விரலை எடுக்கும் முன்பே அடுத்த விரல் அடுத்த எழுத்தைத் தொட்டுவிடும். கீபோர்டில் இந்தப் பூட்டைப் போட்டால் எழுத்துகள் விட்டுப் போகும். பணம், பதிவு, அழித்தல், அனுப்புதல் போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகளுக்கு மட்டும் பூட்டு போதும்.

இன்டர்நெட் வழியே பதிவு அனுப்பினால்

என் அப்ளிகேஷன் மொபைலுக்குள்ளேயே கணக்கை வைத்துக் கொள்கிறது. உங்களுடையது வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பினால் இன்னொரு கவனம் தேவை. அனுப்பிய உடனே பட்டனின் எனேபிள்டு பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். பதில் வந்ததும் ட்ரூ ஆக்குங்கள். இணைப்பு அறுந்து பதிலே வராமல் போனாலும் ட்ரூ ஆக்க மறக்க வேண்டாம். மறந்தால் பட்டன் நிரந்தரமாகச் செத்துக் கிடக்கும்.

பதில் வரவில்லை என்பதற்காகப் பதிவு போய்ச் சேரவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அந்த நேரத்தில் மீண்டும் அனுப்பினால் இரட்டைப் பதிவு. பணம் செலுத்தும் இணையப் பக்கங்களில் "பேக் அல்லது ரெஃப்ரெஷ் பட்டனை அழுத்தாதீர்கள்" என்று எச்சரிப்பது இந்தப் பயத்தால்தான். நல்ல வழி, ஒவ்வொரு பதிவுக்கும் மொபைலிலேயே ஒரு தனி எண் கொடுத்து அனுப்புவது. அதே எண் இரண்டாம் முறை வந்தால், "இது ஏற்கனவே வந்தது" என்று சர்வர் ஒதுக்கிவிடும். திரையில் எத்தனை பூட்டு போட்டாலும், பணக் கணக்கில் இந்தக் கடைசிப் பூட்டு இல்லாமல் நான் நிம்மதியாக இருக்க மாட்டேன்.

அக்காவின் கணக்குக்கு வருவோம். தவறான பற்றுப் பதிவை அழித்துவிடலாமா என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். எழுதியதை அழித்தால் நாளைக்கு இன்னொரு கேள்வி வரும். அதற்குப் பதிலாக 500 ரூபாய்க்கு ஒரு வரவு எழுதி, "வெள்ளிக்கிழமை தவறாக எழுதிய பற்றுக்கு" என்று குறிப்பும் போட்டோம். பாக்கி 840 ஆனது. அப்போதே மற்றவர்கள் கணக்கையும், ஒரே நிமிடத்தில் ஒரே தொகைக்கு வரவும் பற்றும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. அவர்கள் இன்னும் கேட்டிருக்கவில்லை. அண்ணாச்சி அன்று மாலையே இருவருக்கும் போன் செய்தார்.